அம்மை போட்டவர்கள்

எங்கள் ஹாஸ்டல் வார்டனம்மா எங்களை ஒருநாளும் எண்ணியதில்லை. ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் மூன்று மாடிக் கட்டடம். அதில் நாற்பத்திரண்டு பெண்கள். எல்லாரும் சிப்காட்டில் கார்களுக்கு வயர் கட்டித்தரும் ஒரே கம்பெனியில் ஏஜென்சி மூலம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நின்றதும் அவர் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். நாங்கள் பேசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் உள்ளே போவோம். கடைசி ஆளும் போனபிறகு, "ஊத்தங்கரை எங்க?" என்பார். ஊத்தங்கரைக்காரி பஸ்ஸின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். தெருமுனைவரை போய்விட்ட பஸ்ஸை டிரைவர் திட்டிக்கொண்டே பின்னால் எடுத்து வருவார்.

ஏஜென்சிக்காரர்கள் வருகையைக் குறிக்க ஒரு ரிஜிஸ்டர் கொடுத்திருந்தார்கள். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். டிப்ளமோ படித்தவள் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நான் நோட்டும் பேனாவுமாக அறை அறையாக ஏறி இறங்குவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "எண்ணுனா தப்பு வரும் பாப்பா. மூஞ்சியப் பாத்தா தப்பே வராது" என்பார். நான் ஒழுங்காக எண்ணினேன் என்பதையும் எனக்கு இரண்டு தடவை தப்பு வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெயர்களை அவர் சொல்லமாட்டார். ஊத்தங்கரை, பர்கூர், தளி, பென்னாகரம் என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் பாலக்கோடு. முப்பது வயதுவரை அவர் அஞ்செட்டிக்கு மேலே நாட்றாம்பாளையம் பக்கத்தில் காட்டோரமாக வெள்ளாடு மேய்த்தவர். அங்கே ஆட்டுக்கு அதை வாங்கின ஊரின் பெயரைத்தான் வைப்பார்களாம். அது தெரிந்த நாளில் எங்களில் பாதிப்பேருக்குக் கோபம். தளிக்காரி நேராகவே போய், எங்களை ஆடு என்றா நினைத்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவர் அதற்குக் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. பின்னே வேறு எப்படி நினைப்பது என்பது மாதிரி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த மிக உசத்தியான ஜீவன் அதுதான் என்று எங்களுக்குப் புரியச் சில மாதம் ஆயிற்று.

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவருக்கு ஒன்றுதான். தமிழில் ஆரம்பித்த வாக்கியம் கன்னடத்தில் முடியும். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பெண்கள் வந்தபோது மூன்றும் உதவவில்லை. அவர் கவலைப்படவே இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் எழுப்பினார், மலையில் ஆட்டைக் கூப்பிடும் சத்தம். புதிதாக வந்த ஏழு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சோற்றுத் தட்டைக் காட்டினார். வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதில் சொல்வதற்கு வெட்கமான விஷயம், அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சத்தத்துக்கு நாங்களும் திரும்பினோம்.

அவர் கிறிஸ்தவர். நான் மாரியம்மன் கும்பிடுகிற வீட்டுப் பெண். எங்கள் ஊரில் தேவாலயத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. சமையலறையில் அரிசி டிரம்முக்கு மேலே அவர் ஒரு காலண்டர் மாட்டியிருந்தார். இயேசு ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளியில் நடந்து வருவார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை அங்கி, வாரிவிட்ட தலை. வார்டனம்மாவுக்கு அந்தப் படத்தின் மேல் உயிர். அதேசமயம் அதை அவர் கேலி செய்த மாதிரி வேறு யாரும் செய்து நான் கேட்டதில்லை. ஆடு மேய்ப்பவன் துணி இந்த லட்சணத்தில் இருக்குமா, குட்டியைத் தோளில் போட்டால் அது முதல் காரியமாக மேய்ப்பவன் கழுத்தில் மூத்திரம் பெய்யும், அந்தக் கறை எங்கே என்பார். படம் வரைந்தவன் ஆட்டைக் கறிக்கடையில்தான் பார்த்திருப்பான் என்பது அவருடைய முடிவு. காலையில் அடுப்பு மூட்டும் முன் அதே படத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக்கூரை போட்ட ஒரு ஜெபக்கூடத்துக்குப் போவார். அவர் பேச்சு சுவாரசியமாக இருக்கும் என்று நாங்கள் சிலரும் கூடவே போயிருக்கிறோம். அங்கே யாராவது எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். இவர் எழுந்தால் ஆட்டுக்கதை. சொறி பிடித்த கிடா, இரட்டைக்குட்டி போட்டு ஒன்றை ஒதுக்கிவிட்ட தாய், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்ட சினையாடு. பாஸ்டர் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் ஆமென் சொல்லி உட்காரவைப்பார். ஒருமுறை பாஸ்டர் பிரசங்கத்தில், கடைசி நாளில் இயேசு செம்மறிகளை வலது பக்கமும் வெள்ளாடுகளை இடது பக்கமும் பிரித்து நிறுத்துவார் என்றும், இடது பக்கம் நின்றவர்கள் கதி என்ன ஆகும் என்றும் விளக்கினார். ஹாஸ்டல் கேட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்.

"செம்மறிக்கு மூளை கெடையாது. முன்னாடி போறது கெணத்துல வுழுந்தா பின்னாடி வர்றதும் வுழும். வெள்ளாட்டுக்கு அடக்கம் கெடையாது, ஆனா புத்தி இருக்குது. நாமெல்லாம் வெள்ளாடுதான். எடது பக்கம் தள்ளுவாரா? வரட்டும், அவருகிட்ட நான் பேசிக்கறன்."

அவரை அடக்கம் செய்த அன்று பாஸ்டர் மேய்ப்பனைப் பற்றித்தான் பேசினார். ஆடு, மந்தை, தொழுவம் எல்லாம் வந்தது. வெள்ளாடு என்ற சொல்லை மட்டும் எடுக்கவே இல்லை. பயம் இருந்திருக்கும்.

அவர் இந்த மதத்துக்கு வந்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் அவருடைய வீட்டுக்காரர் காமாலை முற்றிக் கிடந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு ஜெபம் பண்ண வந்த ஓர் அம்மாள், காணாமல் போன ஆட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவனிடம் நூறு ஆடு, அதில் ஒன்று தொலைந்தது, மற்ற தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான். இவருக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து சண்டை போட்டிருக்கிறார். அவனுக்குப் புத்தி இருக்கிறதா, திரும்பி வருவதற்குள் நரி வராதா, என் மாமியாராக இருந்தால் அவனைச் செருப்பால் அடித்திருப்பார் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் ஜெபத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். இவர் மூன்று நாள் அதையே நினைத்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் இறந்தார். சொந்தக்காரர்கள் உடலை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். இவருக்கு வண்டியில் இடமில்லை, பஸ் பிடித்து வரச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்றபோதுதான் அந்தக் கதை புரிந்ததாம்.

"அவருக்குக் கணக்குத் தெரியாது பாப்பா. கணக்குத் தெரிஞ்சவனா இருந்தா, ஒண்ணு போனா போவட்டும், பாக்கி இருக்குதேன்னு வந்திருப்பான். அன்னிக்கி நான்தான் அந்த ஒண்ணு. கணக்குத் தெரியாத ஆளுதான் எனக்கு வேணும்."

இதைக் கேட்கும்போது எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கதையில் வரும் தொண்ணூற்றொன்பதில் ஒருத்தியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். நான் நேரத்துக்கு வருவேன். நேரத்துக்குச் சாப்பிடுவேன். அறையைக் கூட்டுவேன், ரிஜிஸ்டர் எழுதுவேன், யாரோடும் சண்டை கிடையாது. அப்படிப்பட்டவள் அந்த அம்மாவின் கண்ணில் படுவது அபூர்வம். காய்ச்சலில் கிடப்பவள், வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் இருப்பவள், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி அழுபவள், இவர்களுக்குத்தான் முட்டை. எனக்கு இதில் கோபம் உண்டு. இப்போதும் கொஞ்சம் உண்டு.

பர்கூர்ப் பெண் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரவில்லை. ஒரு பையனோடு பெங்களூர் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அப்போது மாலை ஐந்தரை மணி. உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைத்தார், செருப்பை மாட்டினார், ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயே போய்விட்டார். கர்நாடகா எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் நின்று, நெரிசலில் ஊர்ந்துபோகும் ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் கீழே இருந்து பார்த்திருக்கிறார். ஏழாவதோ எட்டாவதோ பஸ்ஸில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் தானாகவே இறங்கிவிட்டாள். எட்டு மணிக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவளிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாங்கள்தான் பசியோடும் வீம்போடும் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பட்டினி போட்டுவிட்டு ஒருத்திக்காகப் போகலாமா என்று எல்லாருக்கும் சேர்த்து நான் கேட்டேன்.

"நாப்பது பேரு இருக்கறீங்க, அரிசி இருக்குது, அடுப்பு இருக்குது. பத்த வெச்சிக்கத் தெரியாதா?" என்று அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு உலை வைத்தார். அடுத்த மாதம் பர்கூர் அதே பையனோடு போனாள். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று பாஸ்டர் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவரைச் சீண்டுவதற்காகக் கேட்டேன். ஆட்டுக்காக யாராவது சாவார்களா, நடக்கிற காரியமா என்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். அவருடைய சித்தப்பா ஒருவர் மலையில் சிறுத்தை அடித்து இறந்திருக்கிறார். ஊரில் எல்லாரும், ஆட்டைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டான் என்று பெருமையாகச் சொல்வார்களாம். அப்போது பத்து வயதுப் பெண்ணாக இவர் பக்கத்து மேட்டில் நின்றிருந்தார். இவர் பார்த்தது வேறு.

"அவரு ஓடத்தான் பாத்தாரு. ஆடுங்க நடுங்கிக்கிட்டு அப்பிடியே நின்னுச்சிங்க. அதுங்க நிக்கறப்ப இவருக்குக் காலு வரல. அவ்ளோதான். பெருசா நெனச்சிக்கிட்டு யாரும் நிக்கறதில்ல பாப்பா."

இதெல்லாம் அவர் காய் நறுக்கிக்கொண்டே சொல்வது. அவர் ஏதோ ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார், அதில் சில வார்த்தைகளுக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியாது. சுகர் இருந்தும் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் வெல்லம் தின்பார். பிடித்த பெண்களுக்குச் செல்லம் அதிகம். பிடிக்காத பெண் என்று யாரும் இல்லாததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

பூல்மணி ஜார்கண்டிலிருந்து வந்தவள். பத்தொன்பது வயது. வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை முகத்திலும் மார்பிலும் கொப்புளங்களோடு எழுந்தாள். அம்மை. காலை பத்து மணிக்கெல்லாம் கம்பெனி ஹெச்.ஆரிலிருந்து போன் வந்துவிட்டது. நோய் வந்த பெண் இன்றைக்கே ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும், மூன்று வாரத்துக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது, இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு பேரையும் வேலைக்கு எடுக்கமாட்டோம். தமிழ்நாட்டுப் பெண்ணாக இருந்தால் அப்பாவோ அண்ணனோ வந்து கூட்டிப் போயிருப்பார்கள். பூல்மணியின் ஊருக்கு ரயிலிலேயே இரண்டு நாள். அந்த உடம்போடு எந்தப் பெட்டியில் ஏற்றுவது? டவுனில் காட்டிய டாக்டர், அட்மிட் பண்ணத் தேவையில்லை, தனி அறையில் வைத்துக் கூடவே ஒருத்தர் இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார். ஏற்கெனவே அம்மை வந்தவர்களாகப் பார்த்து வையுங்கள், அவர்களுக்குத் திரும்ப வராது என்றும் சொன்னார்.

தனி அறைக்கு வழி இருந்தது. வார்டனம்மாவின் அண்ணன் தொரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் காவல் வேலையில் இருந்தார். அங்கே பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் ஷீட் போட்ட அறை ஒன்று காலியாகக் கிடந்தது. கூட இருக்கத்தான் ஆள் வேண்டும். வார்டனம்மா போனால் ஹாஸ்டலைப் பார்க்க ஆளில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தபோது அவர் நடுவில் வந்து நின்றார்.

"அம்மை போட்டவங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க. ரெண்டு வாரம் அந்தப் புள்ளகூட இருக்கணும். உங்கள வுட்டுட்டு நான் போவ முடியாது."

எனக்கு நான்காம் வகுப்பு படிக்கும்போது அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டி, பதினைந்து நாள் பாயில் கிடந்து, மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். கையைத் தூக்குவதற்கு அதற்கு மேல் தகுதி வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வாரம் பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது. ஒருநாள்கூட விடாமல் வேலைக்கு வந்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. பதினோரு மாதமாக நான் ஒருநாள் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன், சித்தப்பா சாவுக்குப் போகாமல் வேலைக்குப் போயிருக்கிறேன். நான் பெர்மனென்ட் ஆகிவிடுவேன் என்று நம்பித்தான் தங்கையை நர்சிங்கில் சேர்த்திருந்தோம். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் கையைத் தூக்கவில்லை. என்னைப்போல இன்னும் இரண்டு மூன்று பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் என்னைப் பற்றித்தான் சொல்ல முடியும். இத்தனை நாள் எங்களை விட்டுவிட்டு ஒருத்தி பின்னால் போகிறார் என்று சண்டை போட்டவர்கள் நாங்கள். அன்று அவர் எங்களை விட்டுப் போகாமல் இருக்கத்தான் வழி கேட்டார்.

அவர் அவசரப்படுத்தவில்லை. தன் டீயைக் குடித்து முடித்தார். எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "சரி வுடுங்க. எனக்குத்தான் சின்னதுலயே போட்டிருக்குதே, நானே போறன்" என்றார். அப்படியென்றால் முதலிலேயே கிளம்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை மறைக்க மாட்டேன். ஒரு பையில் இரண்டு சேலையும் சுகர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, கேட் சாவியை என்னிடம் கொடுத்தார். நம்பிக்கையான ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்.

ஏஜென்சி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு வேறொரு அம்மாவை வார்டனாகப் போட்டுவிட்டது. புது வார்டன் தினமும் இரண்டு வேளை எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். அதே வாரத்தில் லிஸ்ட் வந்தது. கேன்டீனுக்கு வெளியே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் லைனில் ஆறு பேர். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். என் பெயர் இல்லை. அடிக்கடி லீவு போடும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஏன் எப்படி என்று யாரிடமும் கேட்க முடியாது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து அன்றைய டார்கெட்டை முடித்தேன்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் பூல்மணி மட்டும் ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் கருந்தழும்பு. உள்ளே வராமல் தெருவிலேயே நின்றாள். "மாவுசிக்கு ஜுரம். ஒடம்பு ஃபுல்லா வந்திருச்சி" என்றாள். அவர்கள் ஊரில் மாவுசி என்றால் பெரியம்மா, சித்தி. யாருக்கு வந்தது, அவருக்குத்தான் முன்னமே வந்திருக்கிறதே என்று நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு அதையே சொன்னாள்.

ஐந்தாறு நாளில் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. சுகர் வேறு. கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் பஸ் ஏறிப் போனோம். தனி வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூல்மணி. பகலும் இரவும் அவள்தான் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். அண்ணனுக்கு எங்கள் மேல் கோபம் இல்லை. தங்கை மேல்தான் கோபம்.

"அவளுக்கு எங்க அம்மை போட்டுச்சி? எனக்கும் தம்பிக்கும் போட்டப்ப எங்கம்மா அவள ஆட்டோட மலைமேல கொட்டாய்க்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரும் படுத்துட்டோம், ஆடு மேய்க்க ஆளு வேணுமில்ல? ஒரு மாசம் அங்கயேதான் இருந்தா. ஒத்தக் கொப்புளம் வரல அவளுக்கு. போட்டிருக்குதுன்னு உங்ககிட்ட சொன்னாளா?"

சொன்னார் என்று ஊத்தங்கரைக்காரி மெல்லச் சொன்னாள். அப்போது நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வயதானவர், வேலை மும்முரத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "அம்மை போட்டவங்க மட்டும்தான் உள்ள போகணும். உங்கள்ல யாருக்கு வந்திருக்கு?"

அன்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்ட அதே கேள்வி. அண்ணன் என்னைப் பார்த்தார். உடன் வந்த நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூல்மணிக்கு இப்போது தமிழ் நன்றாகவே புரியும். இல்லை என்று சொல்லிவிட்டு, வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. உள்ளே போகாமல் திரும்ப என்னால் முடியவில்லை.

"எனக்கு வந்திருக்கு. நாலாங்கிளாஸ் படிக்கறப்ப" என்றேன்.

ஊத்தங்கரைக்காரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பூல்மணி மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள். அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, இமைகூட விடாமல் கொப்புளம். ஆக்சிஜன் மாஸ்க். தலைமாட்டில் வேப்பங்கொத்து கிடந்தது, யார் வைத்தார்களோ. நாங்கள் வந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். "பாலக்கோடு" என்றார். மாஸ்க்குக்குள் பாதிதான் கேட்டது. நான் ஏன் உள்ளே வர முடிந்தது என்பது அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நான் அழுதுகொண்டே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எனக்குப் போட்டிருக்கிறது, தெரிந்தே சும்மா இருந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். பூல்மணி அதைத் திரும்ப வைக்கப் போனாள், அவள் கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

"எனக்குத் தெரியும். உனக்குப் பேன் எடுக்கறப்ப பொடனியில தழும்பப் பாத்திருக்கன்."

மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து, "லிஸ்ட்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சும்மா."

"உம் பேரு?"

பூல்மணி குனிந்து அவருடைய தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்கு யோசிக்க நேரமே இல்லை. இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"இருக்குதும்மா. பெர்மனென்ட் ஆயிட்டன்."

அந்த வீங்கிய முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தது. "அப்ப சரி. அதுக்குத்தான அன்னிக்கி உன்ன நான் கூப்புடல" என்றார். பிறகு மாஸ்க்கை அவரே இழுத்து விட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டே போனார்.